அத்தை கொண்டாந்த மண்ணு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கிறேன். எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சேன், அதுவும் பாதி நாள் மத்தியானச் சோத்துக்காகப் போன படிப்பு. போன மாசம் மாதர் சங்கத்தில் ஆளுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்கன்னு சொன்னப்ப நான் தூணுக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியும் கண்ணில் பட்டுட்டேன். மறதி வேற. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையான்னு மருமகளைத்தான் கேக்கணும். ஆனா என் வயசுக்காரிங்களே, நேத்து நடந்தது நிக்காம சின்ன வயசில் பார்த்தது மட்டும் அப்படியே நிக்குது இல்லையா, அந்த தைரியத்தில் எழுதறேன். முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்கணும்.

எங்க அத்தை லீவில் வந்திருந்த வருசத்தைப் பத்தித்தான் சொல்லப்போறேன்.

அத்தைன்னா அப்பாவுக்கு அக்கா. சின்ன வயசிலேயே கன்னியர் மடத்தில் சேர்ந்து, நர்சு படிச்சு, ஆப்பிரிக்காவில் தெக்குப் பக்கம் ஒரு நாட்டுக்கு மிஷன் வேலைக்குப் போயிட்டாங்க. அந்த நாட்டுப் பேரு எனக்கு வாயில் நிக்கலை. அத்தை போனப்ப ஒரு பேரு, அங்கே இருக்கும்போதே வேற பேரு வெச்சுட்டாங்களாம். நான் பொறந்து நடந்து பள்ளிக்கூடம் போன பிறகுதான் அவங்களுக்கு முதல் தடவையா ஊருக்குப் போயிட்டு வர லீவு கிடைச்சது. தை பொறந்ததும் வந்தாங்க. ஜங்சனில் இறங்கினப்ப வெள்ளைப் புடவை, காலில் ஆம்பளைங்க போடற மாதிரி கான்வாஸ் சூ. அப்பா தகரப் பெட்டியைத் தோளில் வெச்சுக்கிட்டு முன்னாடி நடந்தார். நான் அந்தச் சூவையே பார்த்துக்கிட்டு பின்னாடி நடந்தேன்.

நாங்க இருந்தது பீங்கான் பட்டறைக்குப் பின்னாடி லைன் வூடு. உங்களில் சில பேருக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும். துணி காயப்போட்டா வெள்ளைத் தூசி படியும். முருங்கை மரம்கூட முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரிதான் நிக்கும். அப்பா சூளையில் வேலை. அம்மாவும் முன்னாடி பட்டறையில் வேலை பார்த்தவங்கதான், பாயசம் மாதிரி மண்ணைக் கரைச்சு பொம்மை அச்சில் ஊத்தற வேலை. அப்புறம் நின்னுட்டாங்க.

அத்தை வந்த அன்னிக்கே லைன் முழுக்க சிரிப்பு. ஏன்னா அவங்க எந்த வூட்டுக்குப் போனாலும் கதவைத் தட்ட மாட்டாங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடவும் மாட்டாங்க. வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்னு, ரெண்டு கையையும் குவிச்சு மெதுவாத் தட்டுவாங்க. உள்ளே இருந்து யாராவது வந்து வாங்கன்னு சொன்னாத்தான் கால் வைப்பாங்க. அங்கே அதுதான் மரியாதையாம். எதிர்வூட்டுப் பெரியம்மா உலக்கையோட வெளியே வந்து பார்த்துட்டு, "ஏம்மா, பஜனைக்கா வந்திருக்க? ஜால்ரா எங்க?"ன்னு கேட்டாங்க. அத்தை சிரிச்சுக்கிட்டே, "ஜால்ரா கப்பல்ல வருது பெரியம்மா"ன்னு சொன்னாங்க. அதோட அந்தப் பெரியம்மாவுக்கு அத்தையைப் பிடிச்சுப் போச்சு.

பெட்டியைத் திறக்கறப்ப லைனில் பாதிப் பேர் எங்க வாசலில்தான். ஆப்பிரிக்காவில் தங்கம் தோண்டறாங்க, வைரம் தோண்டறாங்கன்னு யாரோ கிளப்பிவிட்டிருந்தாங்க. பெட்டியில் இருந்தது ரெண்டு புடவை, ஒரு ஜெபமாலை, சாயம் போன பூப்போட்ட துணி ஒண்ணு. அந்தத் துணிக்குள்ளே ஒரு மூட்டை. அவிழ்த்தா, மண்ணு. விரல் நீளத்துக்கு உருட்டிக் காயவெச்ச மண்ணுக் குச்சிங்க. சாம்பல் நிறம். நடுவில் கொஞ்சம் தடிச்சு, ரெண்டு முனையும் மெலிஞ்சு, ஒவ்வொண்ணிலும் உருட்டின விரல் ரேகை தெரிஞ்சது.

"மண்ணு ஊருக்கே மண்ணு கொண்டாந்திருக்கா பாரு!" பெரியம்மா நெஞ்சில் கையை வெச்சுக்கிட்டாங்க. "நாங்க திங்கறதே மண்ணுத் தூசிதாம்மா. அதுவும் பத்தலன்னா கொண்டாந்த?"

"அங்க இருக்கற பொம்பளைங்க கிளம்பும்போது குடுத்தாங்க பெரியம்மா. அவங்களால முடிஞ்சது அதுதான்."

அதுக்கு மேலே அத்தை விளக்கம் சொல்லலை. எல்லாரும் சிரிச்சுட்டுக் கலைஞ்சு போனாங்க. அப்பா மட்டும் ஒரு குச்சியை எடுத்து நகத்தால் சுரண்டி, நுனியை எச்சில் தொட்டுத் தேச்சுப் பார்த்தார். "நல்லா வழுவழுன்னு இருக்குதுக்கா. கல்லே இல்ல. நான் மூட்டையோட பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி மேஸ்திரிகிட்ட காட்டட்டுமா?"ன்னு கேட்டார். அத்தை பயணக் களைப்பில் பாதித் தூக்கம். "காட்டு, காட்டு"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாங்க.

இங்கே நிறுத்தி எங்க அம்மாவைப் பத்திச் சொல்லணும். அது சொல்லலன்னா மத்தது புரியாது.

அம்மா அப்போ மாசமா இருந்தாங்க. எனக்கப்புறம் ரெண்டு பிள்ளைங்க தங்கலை. ஒண்ணு வயித்திலேயே போச்சு. இன்னொண்ணு பொறந்து ஒரு நாள்கூட முழுசா இல்லை. ரெண்டையும் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் வெச்சோம். ரெண்டு தடவையும் அம்மா மாசமா இருந்தப்ப மண்ணு தின்னாங்க. அது லைன் முழுக்கத் தெரியும். அப்பாவுக்கு நல்லாத் தெரியும். பிள்ளைங்க போனதுக்கு அந்த மண்ணுதான் காரணம்னு அப்பா முடிவு பண்ணிட்டார். அம்மாவும் அப்படித்தான் நம்பினாங்கன்னு இப்போ நினைக்கிறேன். வேலைக்குப் போனாத்தானே மண்ணு கையில் படும், வூட்டிலேயே இருன்னு அப்பா நிறுத்தினது அதுக்காகத்தான். சாயந்திரம் வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவறதுக்கு முன்னாடி அம்மா முகத்துக்கிட்டே குனிஞ்சு வாயை மோந்து பார்ப்பார். அம்மா கண்ணை மூடிக்கிட்டு நிப்பாங்க. எனக்கு அப்போ அது ஏதோ புருசன் பெண்டாட்டி விளையாட்டுன்னு தோணிச்சு. எவ்வளவு அசிங்கமா அவங்களுக்கு இருந்திருக்கும்னு நான் கல்யாணம் ஆகி வந்த பிறகுதான் புரிஞ்சது.

அப்படியும் அம்மாவால் விட முடியலை. கொண்டாந்து குடுத்தது நான்தான். பட்டறை ஓரத்தில் உடைஞ்ச பச்சைப் பொம்மைங்களைக் குவிச்சு வெச்சிருப்பாங்க. பச்சைன்னா சுடாததுன்னு அர்த்தம், காய்ஞ்சு வெள்ளையா இருக்கும். அதைத் திரும்பக் கரைச்சு அச்சில் ஊத்துவாங்க. குதிரைக் காது, வாத்து மூக்கு, கிருஷ்ணர் கையில் இருக்கற புல்லாங்குழல் துண்டு, இதெல்லாம் பாவாடை மடிப்பில் வெச்சு எடுத்தாருவேன். அம்மா அடுப்புக்குப் பின்னாடி நின்னு சாப்பிட்டுட்டு, வெத்திலையைக் கிள்ளி மென்னு துப்புவாங்க. அவங்க முகத்தில் அந்த ஒரு நிமிசம் இருக்கற நிம்மதியை வேற எப்பவும் நான் பார்த்ததில்லை.

அத்தைக்கு இது எதுவுமே தெரியாது. யாரு சொல்லுவாங்க?

சில நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு எல்லாரும் வூட்டில் இருந்தோம். அப்பா சூளையை ஒரு தடவை பார்த்துட்டு வரேன்னு போனவர், துண்டில் எதையோ முடிஞ்சு எடுத்துக்கிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! உன் மண்ணு தேறிடுச்சு!"

துண்டை விரிச்சார். மண்ணுக் குச்சிங்க எல்லாம் செங்கல்லு நிறத்தில் சிவந்து கிடந்தது.

"சூடு கம்மியான மூலையில வெச்சேன். ஒண்ணுகூட வெடிக்கல. மேஸ்திரியே தட்டிப் பாத்துட்டு, எந்த ஊரு மண்ணுடா இது, டிங்குன்னு பேசுதேன்னாரு." சொல்லிட்டு ரெண்டு குச்சியை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிக் காட்டினார். நெசமாவே டிங்குன்னுச்சு.

அத்தை ஒரு குச்சியைக் கையில் எடுத்தாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சாங்க. சிரிப்புன்னா சாதாரணச் சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணி வந்து, முந்தானையால் துடைச்சு, மறுபடி சிரிச்சு.

"அட பாவி! எத்தனை பொம்பளைங்க ஒக்காந்து எனக்காக உருட்டுனது! தின்பண்டத்தைக் கொண்டுபோயி சூளையில வெச்சுட்டியேடா!"

"தின்பண்டமா?"

"ஆமாண்டா, திங்கற மண்ணு. அங்க புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க..."

அடுப்பங்கரையில் அம்மா குழம்பு கிண்டற சத்தம் நின்னுது. அப்பா முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போச்சுன்னே தெரியலை.

"இவ உங்கிட்ட சொன்னாளா?"

"யாரு? என்ன சொன்னா?"

"நடிக்காதக்கா. குத்திக்காட்டத்தான் இதைக் கொண்டாந்தியா? இந்த வூட்டுல அந்தப் பேச்சே ஆவாது. ரெண்டு புள்ளையத் தின்னுட்டு நிக்கறா அவ. இதுவும் போவணுமா?"

துண்டை உதறிட்டு அப்பா வெளியே போயிட்டார். குச்சிங்க தரையில் உருண்டுச்சு. ஒண்ணுகூட உடையலை, அவ்வளவு கெட்டியா சுட்டிருந்தார். நான் ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். அதில் அஞ்சை வெச்சு ரொம்ப நாள் கல்லாங்காய் ஆடினேன். உருண்டையா இல்லாததால் நேரா விழாது, ஆனா சத்தம் நல்லா இருக்கும். அப்புறம் வூடு மாறினப்ப எங்கேயோ போயிடுச்சு.

மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு, பின்னாடி முருங்கை மரத்தடியில் அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அத்தை நாலடி தள்ளி நின்னு மெதுவாக் கையைத் தட்டினாங்க. அம்மா நகர்ந்து இடம் விட்டு, "வாங்க அண்ணி, உங்க வூட்டுல உங்களுக்கு என்ன கைதட்டு?"ன்னாங்க.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கிட்டாங்க.

"எவ்ளோ திம்பே?"

"நான் திங்கறதில்லைங்க அண்ணி."

"சரி, திங்கறதில்ல. தின்னா எது நல்லா இருக்கும்?"

அம்மா குனிஞ்ச தலை நிமிரலை. கீரையைப் பார்த்துச் சொல்ற மாதிரி சொன்னாங்க. "பச்சைப் பொம்மைதான். அதுலயும் குதிரைக் காது. மெல்லிசா இருக்கும். வாயில வெச்சா தானா கரையும். மொத மழை பேஞ்ச வாசனை வரும்."

"செங்கல்லு?"

"ஐய! அது கரகரங்கும்."

"அடுப்பு மண்ணு?"

"பரவால்ல. பொகை வாடை இருக்கும்."

"அங்க கரையான் புத்து மண்ணு எடுப்பாங்க. லேசாப் புளிக்கும். சந்தையில கூறு கட்டி விப்பாங்க, நம்ம ஊருல வறுத்த கடலை விக்கற மாதிரி."

அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "நெசமாவா? சந்தையிலயா? யாரும் ஏசமாட்டாங்களா?"

"நான் ஏசிக்கினு இருந்தேன்"ன்னு அத்தை சொன்னாங்க.

அப்புறம் அத்தை அவங்க அங்கே பார்த்த வேலையைச் சொன்னாங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். அந்தப் பக்கம் ஆம்பளைங்க எல்லாம் சுரங்க வேலைக்கு வெளியூர் போயிடுவாங்களாம். நம்ம மங்கலம்பேட்டையில் இப்போ துபாய்க்குப் போனவங்க வூடு இருக்கு பாருங்க, அப்படி ஊரு முழுக்கப் பொம்பளைங்களும் குழந்தைங்களும்தானாம். மழை பேயாத வருசம் சோளம் இருக்காது. மிஷனில் பெரிய அண்டாவில் வெள்ளைச் சோள மாவுக் கஞ்சி காய்ச்சி ஊத்துவாங்களாம். மரத்துக் கிளையில் தராசு கட்டி, துணித் தொட்டிலில் குழந்தையைப் போட்டு எடை பார்ப்பாங்களாம். தாய்ங்க முதுகில் பிள்ளையைக் கட்டிக்கிட்டு விடியறதுக்கு முன்னாடி நடக்க ஆரம்பிச்சு, பாட்டுப் பாடிக்கிட்டே வந்து சேருவாங்களாம். மிஷன் வண்டி வாரத்துக்கு ஒரு தடவையாவது மணலில் மாட்டிக்கும், அந்தப் பொம்பளைங்கதான் பாடிக்கிட்டே தள்ளுவாங்களாம்.

"போன புதுசுல நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு தகர டப்பா வெச்சேன். புள்ளத்தாச்சிங்க யாரா இருந்தாலும் மடியில இருக்கற மண்ணை அதுல போட்டுட்டுத்தான் உள்ள வரணும். போட்டாங்க. ரெண்டு கையையும் தட்டிக் கும்பிட்டுட்டுப் போட்டாங்க. திரும்பிப் போறப்ப சந்தையில வேற வாங்கிக்கினு போனாங்க. எனக்கு டப்பா நெறைஞ்சதுல ஒரே பெருமை."

"அப்புறம்?"

"ஒருத்தி பிரசவத்துல போயிட்டா. ரத்தம் போயி நிக்கல. அவ டப்பாவுல எப்பவும் நெறைய போடறவ. நகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. அதுக்கப்புறம்தான் மத்தவங்க நகத்தைப் பாக்க ஆரம்பிச்சேன். யாரு நெறைய திங்கறாளோ அவ நகம்தான் வெளுத்திருந்துச்சு. ஒடம்புல ரத்தம் இல்லாதவளுக்குத்தான் அந்த ஆசை தாங்க முடியாம வருது. நான் டப்பாவை எடுத்துட்டேன். திட்டறதையும் வுட்டுட்டேன். எவ்ளோ திங்கறேன்னு மட்டும் கேட்டேன். திட்டுனப்ப எல்லாம் பொய் சொன்னவங்க, கேட்டப்ப கையைக் குழிச்சுக் காட்டுனாங்க, இவ்ளோன்னு. கை நெறையக் காட்டுனவளுக்கு மொதல்ல மாத்திரை. அந்தப் பொம்பளைங்கதான் நான் கிளம்பறப்ப சிரிச்சுக்கினே மூட்டை கட்டிக் குடுத்தாங்க. நீ தூக்கிப் போட்டதெல்லாம் இந்தா, வாங்கிக்கோன்னு."

அத்தை அம்மா கையை எடுத்து நகத்தைப் பார்த்தாங்க. கண்ணுக்கு அடியில் இழுத்துப் பார்த்தாங்க. அங்கே சிவப்பே இல்லை. பொம்மை வெள்ளைதான்.

"மண்ணு நல்லதுன்னு நான் சொல்லலம்மா. அதுல பூச்சி இருக்கும், இருக்கற ரத்தத்தையும் குடிக்கும். ஆனா மண்ணால மட்டும் உனக்கு ரத்தம் போவல. உனக்கு ரத்தம் இல்லன்னு உன் ஒடம்பு கத்திக்கினு இருந்திருக்குது. யாருக்கும் கேக்கல."

அம்மா கையில் இருந்த கீரையைக் கீழே வெச்சாங்க. "அப்ப அதுங்க ரெண்டும் போனது..."

அத்தை அவங்க தலையைத் தன் தோளில் சாய்ச்சுக்கிட்டாங்க. அம்மா அழுததைப் பார்த்து நானும் அழுதேன், எதுக்குன்னு தெரியாமலே. ஆனா அன்னிக்கு ராத்திரி அம்மா நல்லாச் சாப்பிட்டாங்க. அது எனக்கு ஞாபகம் இருக்கு.

அன்னிலேருந்து எங்க வூட்டில் தினமும் முருங்கைக் கீரை, கேழ்வரகு, வெல்லம். பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து மாத்திரை, ஊசி. எனக்கும் சேர்த்துப் பூச்சி மருந்து. அந்தக் கசப்பு இப்போ நினைச்சாலும் நாக்கு சுருங்குது. விசயம் எப்படியோ லைனில் பரவி, பின்பக்கம் வழியா ஒவ்வொருத்தரா அத்தைகிட்டே வர ஆரம்பிச்சாங்க. ஒருத்தி சாம்பல், ஒருத்தி சிலேட்டுக் குச்சி. கடைசியில் யாரு வந்து நின்னாங்க தெரியுமா? எதிர்வூட்டுப் பெரியம்மா. ஜால்ரா எங்கன்னு கேட்டவங்க. வாசலில் நின்னு ரெண்டு தட்டுத் தட்டிட்டு, "எனக்குப் பச்சரிசிதாம்மா. அரைப்படியா இருந்தாலும் மென்னுடுவேன். பேரன் எடுத்த பொம்பள, வெளிய சொல்லாத"ன்னு கிசுகிசுன்னு சொன்னாங்க. அவங்க கிசுகிசு பட்டறை வாசல் வரைக்கும் கேக்கும்.

அப்பாகிட்டேயும் அத்தை சொல்லத்தான் செஞ்சாங்க. அவர் காதில் ஏறலை. "நீ எந்த நாட்டுக் கதையையோ சொல்ற. இங்க பொம்பள சோறு திம்பா"ன்னு எழுந்து போயிட்டார். அத்தை சண்டை போடலை. சாயந்திரம் வாயை மோந்து பார்க்கறதும் நிக்கலை.

மாசி மகம் முடிஞ்சு, கோயில் தெருக் கடைங்க பிரிச்ச சமயம்னு நினைக்கிறேன். நான் வழக்கம்போல ஒரு குதிரைக் காதைக் கொண்டாந்து அம்மா கையில் குடுத்தேன். நல்ல முழுக் காது. அம்மா வாய்க்கிட்டே கொண்டுபோனவங்க மோந்து பார்த்துட்டு நிறுத்தினாங்க.

"வேணாம்டி. என்னமோ மாதிரி இருக்குது."

"ஏம்மா, நல்லா இல்லியா?"

"தெரியல. வெறும் மண்ணாட்டம் இருக்குது."

கீழே போட்டுட்டாங்க. கூடத்தில் ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்த அத்தைக்கு அது கேட்டுச்சு. பாதியில் நிறுத்திட்டு ஓடிவந்து அம்மா நகத்தைப் பிடிச்சு வெளிச்சத்தில் பார்த்தாங்க. லேசா, ரோசாப்பூ காய்ஞ்சா ஒரு நிறம் வருமே, அந்த மாதிரி ஏறியிருந்தது. அத்தை என்னைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தினாங்க, சூவோட.

அன்னிக்குச் சாயந்திரமும் அப்பா வந்து குனிஞ்சார். மோந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். வெத்திலை வாடைகூட இல்லை. கை கழுவப் போனார். அடுத்த நாளும் அப்படித்தான். அதுக்கடுத்த வாரம் அவர் குனியலை. ஞாயித்துக்கிழமை சைக்கிளில் மங்கலம்பேட்டை வரைக்கும் போய், இலையில் கட்டின ஆட்டு ஈரலைக் கொண்டாந்து அடுப்பங்கரை வாசலில் வெச்சுட்டு, "பாய் கடையில புதுசா இருந்துச்சு"ன்னு செவுத்தைப் பார்த்துச் சொன்னார். அம்மா அதை எடுத்துக்கிட்டு உள்ளே போனப்ப அவங்க தோள் குலுங்குச்சு. சிரிச்சாங்களா, அழுதாங்களான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது.

அத்தையைப் பத்தி இன்னொண்ணு இருக்கு, மறந்துடறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். அந்த லீவுக்கப்புறம் அவங்க இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு வந்தாங்க. அங்கேயே வயசாகி, அங்கேயே அடக்கம் ஆனாங்க. அந்தப் பொம்பளைங்கதான் பாடிக்கிட்டே தூக்கிட்டுப் போனாங்கன்னு கேள்விப்பட்டோம். அவங்களுக்கு நாங்க ஒண்ணும் செய்யலை. பெட்டி நிறைய ஊறுகாய் குடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

வைகாசி நெருங்கினப்ப ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "ரத்தம் ஏறியிருக்குது, ஆனா முன்னாடி ரெண்டு போயிருக்கறதால இங்க வேணாம். கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அங்க ரத்தம் குடுக்க வூட்டு ஆளு ஒருத்தர் கூட இருக்கணும்"னு சொன்னாங்க. வூட்டு ஆளுன்னா அப்பாதான். அவர் முகம் அப்படியே விழுந்து போச்சு. ஊசின்னா அவருக்கு அவ்வளவு பயம்.

"சூளை வாயில தலையை வுட்டு எட்டிப் பாக்கறவன்டா நீ!"ன்னு அத்தை சிரிச்சாங்க.

"அது சூடுக்கா. இது ஊசி."

ரயிலில் போனோம். என்னை விட்டுட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் போனேன். அத்தை அம்மாவோட உள்ளே போயிட்டாங்க. அப்பா வராந்தாவில் நடந்துக்கிட்டே இருந்தார். ஒரு நர்சம்மா வந்து கூப்பிட்டதும் என்னைப் பார்த்து, "இங்கியே இரு, பயப்படாத"ன்னு சொல்லிட்டுப் போனார். பயந்தது நான் இல்லை. வெளியே வந்தப்ப முழங்கையில் பஞ்சு. சட்டை முழுக்க வேர்வை. சுவரில் சாய்ஞ்சு உட்கார்ந்தவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். சின்னப் பிள்ளை கை அது, அவர் பிடிச்ச பிடியில் வலிச்சது. நான் சொல்லலை.

மத்தியானம். வெயில் வராந்தாவில் பாதி வரைக்கும் வந்திருந்தது. உள்ளே இருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. அப்பா எழுந்திருக்கலை. ஒரு அழுகையில் எதையும் நம்ப அவர் தயாரா இல்லை. முன்னாடியும் ஒரு தடவை அப்படிக் கேட்டவர்தானே. அழுகை நின்னுது. மறுபடி வந்தது, இந்தத் தடவை கோவமா, விடாம. அப்புறம் அத்தை கதவைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. ஆமான்னு தலையை ஆட்டினாங்க. அப்பா முழங்காலில் முகத்தைப் புதைச்சுக்கிட்டார்.

தம்பி. அந்தத் தம்பிதான் இப்போ பேரப்பிள்ளை எடுத்து, சர்க்கரை மாத்திரை போட்டுக்கிட்டு, எங்கிட்டே தினமும் போனில் சண்டை போடறவன்.

அம்மாவுக்கு ரத்தம் ஏத்தினாங்க. கட்டிலுக்கு மேலே பாட்டில் தொங்குச்சு. அதில் இருக்கறது அப்பாவோடதுன்னு அத்தை எனக்குச் சொன்னாங்க. சாயந்திரமா எங்களை உள்ளே விட்டாங்க. தம்பி துணியில் சுத்தித் தூங்கிக்கிட்டு இருந்தான். அப்பா அவனைப் பார்க்கலை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்னு அம்மா கையை எடுத்து, அத்தை பார்க்கற மாதிரியே நகத்தைப் பார்த்தார். பார்க்கத் தெரியாமப் பார்த்தார்.

"உனக்கு ரத்தம் இல்லாமதான் அப்படிக் கேட்டுச்சா? நான் என்னமோ வாயை மோந்துக்கினு திரிஞ்சேன். அந்த ரெண்டுக்கும் நீ காரணமில்ல. எனக்குத் தெரியாமப் போச்சு."

அம்மா அவர் முழங்கையில் இருந்த பஞ்சைப் பார்த்தாங்க. அப்புறம், "ஊசி போட்டது வலிக்குதா?"ன்னு கேட்டாங்க.

"இல்ல."

"பொய் சொல்றீங்க. ஒக்காருங்க மொதல்ல. மயக்கம் வரப்போவுது."

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கறது. இதில் தப்பு நிறைய இருக்கும். மாசக் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். அத்தை இருந்தது எந்த நாடுன்னு மடத்தில் யாருக்காவது தெரிஞ்சா கேட்டு எழுதிடுங்க. ரத்தத்தைப் பத்தியும் மண்ணைப் பத்தியும் அத்தை சொன்னதை நான் சரியா எழுதியிருக்கேனான்னு, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கற நம்ம வூட்டுப் பிள்ளைங்க யாராவது ஒரு தடவை படிச்சுப் பார்த்துச் சொல்லணும். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்திடுங்க. ஆனா அப்பா அந்தக் கட்டில் பக்கத்தில் நின்னு சொன்னதை மட்டும் யாரும் திருத்த வேணாம். அது என் காதால் கேட்டது.